உங்களுக்குத் தெரியுமா? செட்டிநாட்டுச் சுவரில் ஜப்பான்!

ஜப்பானில் அந்தக் கால வியாபாரிகள் வாழ்ந்த தெருக்களைப் பார்க்க உலகமே வரிசை கட்டுகிறது. தகாயாமா, குராஷிகி, கியோட்டோ! குறுகிய முகப்பு, நீண்டுகொண்டே போகும் உள்கட்டு, நடுவில் குட்டி முற்றம். படம் பார்த்தே மயங்கிப் போகிறோம். நம் ஊரிலும் வியாபாரிகள் கட்டிய சீமை ஒன்று இருக்கிறதே! ஒரு தெரு, இரண்டு தெரு கணக்கில்லை. 73 கிராமங்கள், 2 நகரங்கள், 1,550 சதுர கிலோமீட்டர்!

ஆமாம், செட்டிநாடுதான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லேயே பெயர் ஏறிவிட்டது. 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதி' என்றே பதிவு. மயிலாப்பூரில் பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

செட்டிநாட்டுக்கும் ஜப்பானுக்கும் என்ன உறவு? சுவரைப் பாருங்கள்! முகப்பிலும் வளவு என்கிற நடு முற்றத்திலும் பளபளவென்று பூப்போட்ட பீங்கான் ஓடுகள் பதித்திருக்கிறதே, அவற்றில் ஏராளமானவை ஜப்பானில் செய்தவை! கப்பலேறி வந்து காரைக்குடிச் சீமையில் ஒட்டிக்கொண்டவை!

இன்னொன்று கேளுங்கள். நம் சாமி படங்களையே ஓட்டில் அச்சிட்டு, இந்தியச் சந்தைக்கென்றே அனுப்பினார்கள் ஜப்பான்காரர்கள். லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணர். எல்லாம் ஜப்பான் தயாரிப்பு!

தேக்கு பர்மாவிலிருந்து. சலவைக்கல் இத்தாலியிலிருந்து. முகம் பார்க்கும் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. முதிரை மரம் இலங்கையிலிருந்து. இரும்புத் தூணும் கிராதியும் இங்கிலாந்திலிருந்து. சமையல்கட்டு எனாமல் பாத்திரம்? ஸ்வீடனிலிருந்து! அந்த வறண்ட பூமிக்கு இத்தனையும் வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய துறைமுகம்கூடக் கிடையாது!

வீட்டுக்குள் போவோமா? முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, தோட்டம். பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! முன்வாசல் நிலையில் நின்று நேரே பாருங்கள். கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு, கடைசியில் பின்கட்டு வெளிச்சம். எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில்!

வாசற்கதவின் சாவியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பையில் போட முடியாது. முழ நீளம்!

சுவரைத் தொட்டுப் பாருங்கள். வழுவழு. சில்லென்று இருக்கும். எந்த கம்பெனி பெயின்ட் என்று கேட்காதீர்கள். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு! அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. நூறு வருஷம் தாண்டியும் முகம் தெரிகிற சுவர்கள் இன்னும் நிற்கின்றன!

தரைக்கு வாருங்கள். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்தது ஆத்தங்குடிக் கல். சூளை கிடையாது. நெருப்பே கிடையாது! ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் கட்டங்களில் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கும்! மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும், அதற்கு மேல் ஈரக் கலவை, அழுத்தி ஒரு தட்டு. பிறகு நாட்கணக்கில் தண்ணீர்த் தொட்டி, அதன்பின் உலர்த்தல். காய்ந்ததும் கண்ணாடியைப் பிரித்தால் கண்ணாடியின் பளபளப்பு கல்லுக்கு வந்திருக்கும்!

ஒவ்வொரு கல்லும் கையால் ஊற்றியது. இரண்டு கல் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது! நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். பழைய வீடுகளில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். ஆத்தங்குடியில் இன்றைக்கும் பட்டறைகள் ஓடுகின்றன. நேரே போய் நின்று பார்க்கலாம். ஊற்றுகிற கையில் ஒரு நடுக்கம் இருக்காது!

அண்ணாந்து பாருங்கள். ஓடு நாட்டு ஓடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. நான்கு பக்கச் சரிவிலும் விழுகிற மழை வளவுக்குள் வந்து இறங்கும். தெருவில் ஓடுவது ஊருணிக்குப் போகும். மழைநீர் சேகரிப்புக்குச் சென்னையில் சட்டம் போட்டோமே, அங்கே வீடு கட்டும்போதே கணக்குப் போட்டுவிட்டார்கள்!

தரைமட்டத்திலிருந்து வீட்டை உயர்த்திக் கட்டியிருப்பதைக் கவனித்தீர்களா? அங்கே கடலும் இல்லை, ஆற்று வெள்ளமும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கோளுக்குத் தப்பி வந்த முன்னோர் நினைவாகத்தான் இந்த உயரம் என்று சொல்கிறார்கள் நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள். மழையே அரிதான ஊரில் கடலை மறக்காத வீடு!

ஒரே கூரை. ஆனால் பல அடுப்பு! கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. புது ஜோடியைக் கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்து'விடுவார்கள். சாமான், அரிசி, பருப்பு எல்லாம் தனி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், வேறு வேறு அடுப்பில்! தி.நகர் இரட்டைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கல்யாணமானால் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'புள்ளி'. கோயிலுக்குக் கொடுக்கிற வரி புள்ளிக் கணக்கில்தான். அதனால் ஊரில் எத்தனை குடும்பம் என்று எந்த நேரமும் தெரியும். சர்க்கார் கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை!

நகரத்தார் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கோயில்கள் ஒன்பது. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இந்த ஒன்பதில் ஒன்று அவர்கள் கோயில்!

மணப்பெண் கழுத்தில் ஏறும் கழுத்துருவைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே நகைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள்!

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவிலிருந்து! 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்களின் வட்டிக் கடைகள் 1,650. அங்கே போட்டிருந்த மூலதனம் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது பர்மா வங்கி விசாரணைக் குழு. இன்றைய ரூபாய் இல்லை, 1930-ன் ரூபாய்!

அடுத்து நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ரொக்கம் வரவேண்டிய இடத்தில் வயல் வந்தது! கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். எட்டே வருஷத்தில் அது 25 சதவீதம்! கால்வாசி வயல் காரைக்குடிக் கணக்குப் புத்தகத்தில்! பர்மாக்காரர்களுக்குக் கோபம் வராதா? வந்தது.

1942. ஜப்பான் ராணுவம் ரங்கூனுக்குள் நுழைந்தது! பெட்டியையும் பேரேட்டையும் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே திரும்பினார்கள். சுதந்திர பர்மாவில் நிலம் சட்டப்படியே கைவிட்டுப் போனது. ஊரிலே மாளிகை கட்டுவது அத்தோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஒரே நாட்டிலிருந்து ஓடும் வந்தது, படையும் வந்தது. ஓடு மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது!

கடல் தாண்டிப் போன இடமெல்லாம் நகரத்தார் முதலில் முருகனுக்கு இடம் பார்த்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் வந்தது. பினாங்கில் ஒன்று. வியட்நாமில், சைகோன் நகரத்து நடுவிலும் ஒன்று!

சரி, சென்னைக்கு வருவோம். 1906-ல் அர்பத்நாட் வங்கிக் கம்பெனி திவாலாகி மதராஸே கதறியது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார், செட்டிநாட்டுப் பணம் கை கொடுத்தது. பிறந்தது இந்தியன் வங்கி. என்றைக்குத் தெரியுமா? 1907 ஆகஸ்ட் 15! நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்குச் சரியாக 40 வருஷம் முன்னால், அதே தேதியில்!

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இன்னும் ஒரு படி மேலே. 1937 பிப்ரவரி 10. ஒரே நாளில் மூன்று ஊரில் திறப்பு. சென்னை, காரைக்குடி, ரங்கூன்! தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை!

ராஜா அண்ணாமலைபுரம் வழியாக தினமும் போகிறீர்களே, அந்த ராஜா செட்டிநாட்டுக்காரர்தான். ராஜா சர் அண்ணாமலை செட்டியார். கானாடுகாத்தானில் அவர் அரண்மனை, அடையாறு முகத்துவாரத்தில் அவர் குடும்பத்தின் இன்னொரு அரண்மனை! சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் 1929-ல். தமிழில் பாடுங்கள் என்று தமிழ் இசைச் சங்கம் 1943-ல். மகன் முத்தையா செட்டியார் 1933-ல் சென்னை மேயர். இன்னொரு மகன் பெயர் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில்!

ஏவி.எம். என்றதும் வடபழனி உலக உருண்டைதானே ஞாபகம் வரும்? ஸ்டூடியோ முதலில் இருந்தது காரைக்குடியில்! யுத்த காலத்தில் தேவகோட்டை சாலையில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். 1947-ல் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடிய 'நாம் இருவர்' அங்கே தயாரானதுதான். கோடம்பாக்கம் வந்தது 1948-ல்!

தி.நகரில் புத்தகம் வாங்குகிறவர்களே, இது உங்களுக்கு. வானதி பதிப்பகம் கண்ட திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். மணிமேகலைப் பிரசுரத்தின் தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். கண்ணதாசன் சிறுகூடல்பட்டி. 'குமுதம்' எஸ்.ஏ.பி. நெற்குப்பை. வட்டிக் கணக்கு எழுதிய சீமை தமிழ் வாசகனுக்குப் பாதி அலமாரியை நிரப்பியிருக்கிறது!

அலமாரி என்றதும் ரோஜா முத்தையா! கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். சேர்ந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள்! அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பல் ஏறிவிட்டதா? இல்லை! சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், 1994-ல். இப்போது தரமணியில் இருக்கிறது. அடையாறிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு தனிமனிதர் தன் வீட்டில் பூச்சி அரிக்காமல் காப்பாற்றிய தமிழ்!

பாரதியார் கையில் கோலோடு நிமிர்ந்து நிற்கும் படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எடுத்தது திருவல்லிக்கேணியில் இல்லை, காரைக்குடியில்! 1919-ல் அந்தப் பக்கம் போனவர் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார்.

வள்ளல் அழகப்பர் கதை ஒன்று போதும். கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர். காரைக்குடிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டார். சும்மா கேட்கவில்லை. 300 ஏக்கர் நிலம், 15 லட்ச ரூபாய் ரொக்கம், இரண்டையும் நீட்டிக்கொண்டே கேட்டார்! 1948-ல் அடிக்கல் நாட்ட வந்தவர் நேரு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் அங்கேதான். கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-ல், காரைக்குடியில் அழகப்பா கலைக் கல்லூரி 1947-ல். தான் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார்!

கம்பனுக்கு ஊர் கூடி விழா எடுக்கும் பழக்கத்துக்கும் வேர் அங்கேதான். காரைக்குடி கம்பன் கழகம், சா. கணேசன், 1939! தமிழ்த்தாய்க்குக் கோயிலும் அதே ஊரில் உண்டு!

மறுபடி வீட்டுக்கு வருவோம். முகப்பு உச்சியைப் பாருங்கள். நடுவில் சுதையில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் சிறகு வைத்த வெள்ளைக்காரத் தேவதைகள்! பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த சிப்பாய்! எல்லாரும் ஒரே வரிசையில், ஒரே வண்ணத்தில், சண்டை சச்சரவில்லாமல்!

ஜப்பான் தன் பழைய தெருக்களைத் தொகுதியாகவே காப்பாற்ற 1975-ல் சட்டத்தைத் திருத்தியது. தனி வீட்டை மட்டும் பார்க்காமல் தெருவையே ஒரு சொத்தாகப் பார்த்தது. இன்று அங்கே அப்படிப் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள் நூற்றுக்கும் மேல்! நமக்கு உத்தேசப் பட்டியலில் ஒரு வரி.

செட்டிநாட்டில் வீடு நிற்பதா விழுவதா என்பது பெரும்பாலும் பங்காளிகள் கையில். சில வீட்டுக்கு ஐம்பது பேர், நூறு பேர் பாத்தியதை! ஒருவர் அடையாறில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் விற்க முடியும். அந்தத் தகராறே பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது! கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு என்றால் பூட்டுத் திறக்கும். வளவு முழுக்க இலை போடுவார்கள். முடிந்ததும் மறுபடி பூட்டு.

ஒத்துக்கொண்டால்? கதவு, நிலை, தூண், ஓடு, எனாமல் தட்டு என்று தனித்தனியாகப் பிரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அவை அத்தனையும் விலைக்கு வரும். கடைகளைச் சுற்றுவது ஆனந்தம்தான். ஆனால் வீடு மொத்தமாக நிற்கும்போது பாருங்கள், அப்புறம் தூணைப் பாருங்கள். அந்தத் தூண் எதைத் தாங்கியது என்று தெரியாமல் வரவேற்பறையில் நிறுத்தி என்ன பயன்?

காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில் மகள் விசாலாட்சிக்காக அப்பா கட்டிய வீடு இன்று 'விசாலம்' விடுதி. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டைப் பழுதுபார்த்து எழுப்பியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள்! காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி நடத்திய 'பங்களா'வில் இலை போட்டு விருந்து. கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள். கறுப்பு அரிசி, தேங்காய், சர்க்கரை. அதுவும் பர்மா வழி வந்தது என்பார்கள்!

ஆத்தங்குடியில் லட்சுமி விலாஸ் என்கிற பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். காரைக்குடியில் 'ஆயிரம் ஜன்னல் வீடு' என்றே ஒரு வீட்டுக்குப் பெயர். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்!

அவ்வளவு தூரம் இப்போது முடியாதா? திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போங்கள். முட்டுக்காடு, தட்சிணசித்ரா. அங்கே செட்டிநாட்டு வியாபாரி வீடு ஒன்று நிற்கிறது. ஊரில் பிரித்து, கொண்டுவந்து, மறுபடி கோத்த வீடு! தென்னாட்டு வீடுகள் மொத்தம் 18. 1996 டிசம்பரில் திறந்தது. கட்டட யோசனை லாரி பேக்கர்! தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன்! செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

முழுசும் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ். பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் அன்றிரவே காரைக்குடி. ரயில் அதற்கு மேல் போகாது, அதுதான் கடைசி ஸ்டேஷன்! காலையில் கானாடுகாத்தான். வெயில் ஏறுமுன் தெருவில் நடங்கள். அளந்து கோடு போட்டதுபோல் நேர் நேரான தெருக்கள், இரண்டு பக்கமும் மாளிகை. உங்கள் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்காது. ஏதாவது ஒரு வீட்டில் ஆச்சியோ காவல்காரரோ திண்ணையில் இருந்தால் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். "உள்ளே வந்து பாருங்க" என்று பல பேர் கூப்பிடுவார்கள். செருப்பை வாசலில் விடுங்கள். வெறுங்காலில்தான் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி தெரியும்!